பத்திரத்துக்குள் ஒரு லத்தீன் நடை

காரைக்காலில் “அவருக்குப் பழைய பிரெஞ்சுப் பத்திரம் படிக்க வரும்” என்று ஒரு தடவை பெயர் வாங்கிவிட்டால் அப்புறம் ஓய்வு கிடையாது. பென்ஷன் விஷயமாக ஒரு சொல்தா வீட்டம்மா வருவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரை நாங்கள் இன்னும் சொல்தா என்றுதான் சொல்கிறோம். நெடுங்காட்டுப் பக்கம் நிலத் தகராறு என்று அண்ணனும் தம்பியும் தனித்தனியே வருவார்கள். ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியாது. கையில் இருப்பது ஒரே பத்திரத்தின் இரண்டு நகல். பாரிஸுக்கு வெளியே குடியிருக்கும் பேத்தி ஒருத்தி, லீவுக்கு ஊர் வந்த இடத்தில், கொள்ளுத்தாத்தா சைகோனில் என்ன வேலை பார்த்தார் என்று தெரிந்துகொள்ள வருவாள். எல்லார் கையிலும் ஜவுளிக்கடைப் பை. அதற்குள் மடித்த இடமெல்லாம் கிழிந்த காகிதம்.

என் தொழில் மொழிபெயர்ப்பு. கதை, கவிதை அல்ல. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள், நொத்தேர் பத்திரங்கள், தீர்ப்பு நகல்கள். பிரெஞ்சிலிருந்து தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ. அப்பா, பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் நொத்தேர் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்தவர். நொத்தேர் கையில் நிரந்தரமாக இருக்கும் மூலத்துக்கு ‘மினுய்த்’ என்று பெயர், சின்ன எழுத்தில் எழுதியது என்ற பொருளில். கட்சிக்காரரிடம் போய், கோர்ட்டில் நிறைவேற்றத்துக்குப் பயன்படும் நகலுக்கு ‘குரோஸ்’ என்று பெயர், பெரிய எழுத்தில் எழுதியது. அப்பாவின் வேலை சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது. வீட்டில் மளிகைக் கணக்கைக்கூட அவர் குரோஸ் எழுத்தில்தான் எழுதினார்.

இந்தக் காகிதங்களுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. அது பிடிபடாமல் அகராதியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. தேதி எண்ணில் இருக்காது. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, இன்ன மாதம், காலை இத்தனை மணிக்கு என்று முழுக்க எழுத்தில் ஓடும். அடித்த சொற்களை எண்ணி, ‘மூன்று சொற்கள் அடிக்கப்பட்டன, செல்லாது’ என்று ஓரத்தில் எழுதிச் சுருக்கொப்பம் போட்டிருப்பார்கள். அந்த ஓரக் குறிப்பையும் மொழிபெயர்த்தாக வேண்டும். நிலம் வேலி, மா, குழி என்று ஊர்க் கணக்கில் தொடங்கி ஹெக்டேர், ஆர், சென்ட்டியாரில் முடியும். பெயர்களோ பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் உடம்பு பெருத்துக் கிடக்கும். நம்முடைய ஒரு ‘உ’வுக்கு அவர்களுக்கு இரண்டு எழுத்து வேண்டும். அதே ஆள் இந்திய பாஸ்போர்ட்டில் ஆங்கிலக் கூட்டலில் இன்னொருவராகியிருப்பார். இருவரும் ஒருவரே என்று சான்று வாங்குவதற்குள் உயிர் போய்விடும்.

ஒரு ஆறுதல் உண்டு. எத்தா சிவில் என்று நாங்கள் சொல்லும் குடிமைப் பதிவேட்டின் ஒரு படி கடல் தாண்டிப் போயிருக்கும். குடியேற்றங்களின் பதிவேடுகளுக்குப் படியெடுத்துப் பிரான்சுக்கு அனுப்பவேண்டும் என்று 1776இல் பதினாறாம் லூயி போட்ட ஆணையில் தொடங்கிய வழக்கம் அது. இப்போது எக்ஸ் ஆன் புரோவான்ஸ் நகரத்து ஆவணக்காப்பகத்தில் அவை இருக்கின்றன. காரைக்காலில் கரையான் தின்ற பக்கத்தை அங்கே வாசிக்கலாம்.

இப்போது பிள்ளைகள் கைப்பேசியில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். “சார், எங்க பாட்டனாரத் தீயோட மகன்னு போட்டிருக்கு, நாங்க என்ன அக்கினி குலமா?” என்று ஒரு பையன் கேட்டான். சிரிப்பை அடக்க நேரமாயிற்று. பெயருக்கு முன்னால் ‘ஃபே’ என்று ஒரு சின்னச் சொல் போடுவார்கள். ‘தீ’க்கும் எழுத்து அதேதான், உச்சரிப்பும் அதேதான். ஆனால் தீ, அடுப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இதுவோ விதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. விதி முடிந்தவர், அதாவது காலஞ்சென்றவர். “விதி முடிஞ்சுபோச்சு” என்று நம் தெருவில் சொல்வதை அங்கேயும் சொல்லியிருக்கிறார்கள். கைப்பேசிக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

இதைவிட வேடிக்கை ‘தெ குஜூஸ்’. வாரிசுப் பத்திரங்களில் பக்கத்துக்குப் பக்கம் இந்தப் பெயர் வரும். கோட்டுச்சேரியிலிருந்து வந்த ஒரு பெரியவர் என் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்: “நாங்க கூடப் பொறந்தது நாலு பேரு. இந்த தெக்குசூசு யாரு தம்பி? சொத்து பூரா அவன் பேருலயே இருக்கே.” அவர் குரலில் பங்காளி ஒருவனை ஒளித்துவைத்த தகப்பன்மேல் கோபமே இருந்தது. சொத்து அவன் பேரில் இருப்பது வாஸ்தவம்தான். அவன் அவருடைய தகப்பனார். ‘எவருடைய சொத்தைப் பற்றிப் பேச்சோ அவர்’ என்ற நீண்ட லத்தீன் தொடரில் முதல் இரண்டு சொல்லை மட்டும் வெட்டி எடுத்து, இறந்தவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள் பிரெஞ்சு வக்கீல்கள். செத்த மனுஷனுக்குப் பெயர்கூடக் கிடையாது, ‘எவருடைய’ மட்டும்தான். பெரியவருக்கு இதைச் சொன்னதும், “நல்லவேளை” என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

லத்தீன் எனக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்ததல்ல. மாதா கோவில் வீதிப் பக்கம் ஓய்வில் இருந்த வயதான சாமியார் ஒருவர் சொல்லிக்கொடுத்தது. நான் சைவப் பிள்ளை; அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. லத்தீன் கேட்டு வருகிறவன் எவனாயிருந்தாலும் சரி என்று இருந்தார். காரணமும் இருந்தது. 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ரோமாபுரியில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. அது முடிந்த கையோடு பூசை தமிழுக்கு வந்துவிட்டது. அலுவலகத்திலிருந்து பிரெஞ்சும் பீடத்திலிருந்து லத்தீனும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இறங்கின. இரண்டையும் படித்து வைத்திருந்த மனிதர் பாவம், யாரிடம் பேசுவார்?

“தம்பி, லத்தீன்ல ஆயிரம் வினை கத்துக்க வேணாம். அம்பது போதும். முன்னால ஒட்டுறதை மாத்தி மாத்தி வச்சே அவன் குடும்பம் நடத்திட்டான்” என்பார். அவர் முதலில் கொடுத்த வினை ‘செதெரே’ (செவ்வியல் உச்சரிப்பில் ‘கேதெரே’ என்று சொல்லி அடுத்த நிமிஷமே “நீ பிரெஞ்சுக்காரன் மாதிரியே சொல்லு” என்று விட்டுவிட்டார்). நடத்தல், போதல் என்பது அதன் முதற்பொருள். போவது, விலகிப்போவதாகி, வழிவிடுவதாகி, கடைசியில் விட்டுக்கொடுப்பதாயிற்று. கால் வினை கைவினையாக மாறின கதை.

அப்போது அது வெறும் இலக்கணம். தொழிலுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது, என் மேசைக்கு வரும் காகிதங்களில் பாதிக்கு அந்த ஒரு வினையே எசமான் என்று. மூதாதைக்குப் பிரெஞ்சில் ‘அன்ஸேத்ர்’, ஆங்கிலத்தில் ‘ஆன்செஸ்டர்’. முன்னே நடந்துபோனவர். இறந்தார் என்பதற்குப் பதிவேட்டில் ‘தெசெதே’. விலகி நடந்துவிட்டார். தகப்பனுக்கு முன்னே மகன் போய்விட்டால் ‘பிரெதெசெதே’, முந்தி விலகி நடந்தவன். வாரிசுப் பத்திரத்தில் இந்தச் சொல் வரும் வரியை நான் எப்போதும் கொஞ்சம் மெதுவாகத்தான் தட்டச்சு செய்வேன். இறந்தவரின் சொத்து வந்து சேர்வது ‘சுக்செசியோன்’, அடியொற்றி வருதல். சொத்தில் தன் பங்கை இன்னொருவருக்கு எழுதிவைப்பது ‘செசியோன்’. அதன்மேல் சண்டை வந்து கோர்ட்டுக்குப் போனால் அது ‘புரொசே’, முன்னோக்கி நடப்பது. அது அவ்வளவு வேகமாக ஒன்றும் நடப்பதில்லை என்பது வேறு விஷயம். ஒரு குடும்பம் பிறந்து, செத்து, பங்கு பிரித்து, வழக்காடி முடிக்கிற வரைக்கும் ஒரே வினை கூடவே நடந்து வருகிறது.

தமிழில் மட்டும் என்னவாம்? இறத்தல் என்பதற்கு நம் பழம் பொருள் கடத்தல், தாண்டிப் போதல். இலக்கண வகுப்பில் இறந்த காலம் என்று படித்தபோது செத்த காலம் என்று நினைத்தவர்கள்தான் நாம் எல்லோரும். அது கடந்த காலம், அவ்வளவே. சாமியாரிடம் இதை ஒருநாள் சொன்னேன். அவருக்கு அன்று முழுக்க அதே பேச்சு.

இந்த வினையின் வழியில் பிறந்து, ஆங்கிலத்தில் அதிகம் புழங்காத ஒரு பிள்ளை உண்டு. ‘ரெட்ரொசீட்’. ரெத்ரோ என்றால் பின்னோக்கி. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அதற்குப் பின்வாங்குதல் என்றே பொருள். பழைய ஆங்கில வைத்தியர்கள், மூட்டில் வீங்கியிருந்த கீல்வாதம் திடீரென்று வற்றி வயிற்றுக்கோ நெஞ்சுக்கோ ஏறினால் அதை இந்தச் சொல்லை வைத்தே குறிப்பிட்டார்கள். பிரெஞ்சிலிருந்து இன்னொரு பொருளும் வந்து சேர்ந்தது: எழுதி வாங்கியதை, எழுதிக்கொடுத்தவருக்கே திரும்ப எழுதிக்கொடுத்தல். அகராதியில் இரண்டு வரி. எனக்கோ அது ஒரு வருஷத் தலைவலி.

நெடுங்காட்டுப் பக்கத்து நிலம் அது. பிரெஞ்சு இந்திய நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட வழக்கப்படி, இந்துக் குடும்பத்தில் தகப்பன் உயிரோடு இருக்கிறவரை சொத்து முழுக்க அவருடையது. பிறந்துவிட்டதாலேயே மகனுக்குப் பங்கு வராது. தகப்பன் காலமானதும் இரண்டு பிள்ளைகளுக்கும் பாதிப் பாதி வந்தது. மூத்தவர் சைகோனுக்குக் கப்பல் ஏறப் போகிறவர். தன் பங்கை இளையவருக்கு நொத்தேர் முன்னிலையில் எழுதிக்கொடுத்தார். செசியோன். போருக்குப் பிறகு திரும்பிவந்தார். தம்பி அதை அண்ணனுக்கே திரும்ப எழுதிக்கொடுத்தார். ரெத்ரோசெசியோன். இந்தக் காலத்தில் அப்படியொரு தம்பியைக் காட்டச் சொல்லுங்கள்.

சிக்கல் இரண்டு பத்திரத்துக்கும் நடுவில் இருந்தது. அந்த இடைக்காலத்தில் தம்பி இரண்டு மா நிலத்தைப் பக்கத்துக் கொல்லைக்காரருக்கு விற்றிருந்தார். திரும்ப எழுதியபோது நான்கெல்லையைப் பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார்கள். விற்ற இரண்டு மாவும் அதற்குள் அடங்கிவிட்டது. மூன்று தலைமுறை தாண்டி, அந்த இரண்டு மாவில் வீடு கட்டிக் குடியிருப்பவர்மேல் அண்ணன் வழிப் பேரப்பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். அது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடாகப் போயிற்று. பத்திரங்களுக்கு ஆங்கிலப் பெயர்ப்பு வேண்டும் என்று என்னிடம் வந்தவர்கள் அண்ணன் வழியார்தான்.

நான் ‘ரெட்ரொசீடட்’ என்று போட்டு அனுப்பினேன். இரண்டாம் நாள் அவர்களுடைய வக்கீலின் ஜூனியர் பேசினார். முதலில் அது தட்டச்சுப் பிழையோ என்று கேட்டார், ‘ரிசீட்’ என்று இருக்கவேண்டியதோ என்று. இல்லை என்றேன்.

“அப்ப ரிட்டர்ன்டுன்னு போட்டுக் குடுத்துடுங்க சார். எல்லாருக்கும் புரியும்.”

“புரியும். ஆனா தப்பாப் புரியும்.”

“அர்த்தம் ஒண்ணுதானே சார்?”

ஒன்று இல்லை. நம்மூரில் யாரைக் கேட்டாலும் இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடுவார்கள். “திருப்பிக் குடுத்துட்டான்” என்றால், அவன் சும்மா வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான், பொருள் எப்போதும் உடையவனுடையது என்று ஆகும். சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கலாம். “திரும்ப எழுதிக் குடுத்தான்” என்றால் நடுவில் அவன்தான் முழு உடைமைக்காரன்; முதலில் ஒரு முறை கை மாறியது, அப்புறம் இன்னொரு முறை கை மாறியது, இரண்டும் செல்லும். அவன் உடைமைக்காரனாக இருந்தபோது விற்றது விற்றதுதான். எஞ்சியது மட்டுமே அண்ணனுக்கு வந்தது. வழக்கே இந்த ஒரு வினையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜூனியருக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் அந்தச் சொல்லை மாற்றச் சொன்னார்.

கூலி கொடுப்பவருக்குச் சாதகமாக ஒரு சொல்லைச் சாய்த்துவிடுவது மொழிபெயர்ப்பாளனுக்கு மிகச் சுலபம். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. மூலத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இப்போது எத்தனை பேர்? அதனாலேயே முடியாது என்று சொல்லிவிட்டேன். பணம் கொஞ்சம் தாமதமாக வந்தது. வழக்கைப் பிறகு இரு தரப்பும் வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள், வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அந்த வழக்கு முடிந்த பிறகும் சொல் என்னை விடவில்லை. காரைக்காலின் சரித்திரமே இந்தத் தகராறுதானே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. தஞ்சை மராட்டிய அரசர் சாகுஜியிடமிருந்து 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர் இது. அப்போது புதுச்சேரியில் கவர்னர் துய்மா. அப்புறம் ஆங்கிலேயர் பிடிப்பதும் ஒப்பந்தம் போட்டு விடுவதுமாகவே போயிற்று. 1763, 1783, 1814 என்று மூன்று ஒப்பந்தங்கள். கடைசி ஒப்பந்தம் ஆன பிறகும் ஊர் உண்மையில் கைக்கு வர 1817 ஜனவரி ஆகிவிட்டது. கோட்டை கட்டக்கூடாது, காவலுக்கு வேண்டிய சிப்பாய்க்குமேல் வைக்கக்கூடாது என்ற நிபந்தனைகளோடு. ஒவ்வொரு தடவையும் கணக்குப்பிள்ளைகள் எத்தனை கட்டுக் காகிதம் மாற்றி எழுதியிருப்பார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

1954 அக்டோபர் 18இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1இல் நிர்வாகம் கை மாறியது. ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தாயிற்று. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர 1962 வரை இழுத்தது. அந்த ஒப்பந்தத்தின் முதல் பிரிவில் இருக்கும் வினை ‘செதே’தான். புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் நான்கையும் முழு இறைமையோடு பிரான்ஸ் இந்தியாவுக்குச் ‘செதே’ செய்கிறது. விட்டுக்கொடுக்கிறது, எழுதிக்கொடுக்கிறது. ‘ரெத்ரோசெதே’ என்று இல்லை.

இதில் எங்கள் ஊர்ப் பழைய போராட்டக்காரர்கள் சிலருக்கு மனக்குறை இருந்தது. நம்மிடமிருந்து எடுத்ததை நமக்கே தானம் செய்வதுபோல் அல்லவா எழுதியிருக்கிறான் என்பார்கள். ஞாயமான கேள்வி. 1997இல் ஹாங்காங் சீனாவுக்குப் போனதைப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் ‘ரெத்ரோசெசியோன்’ என்றே எழுதின; ஆங்கிலேயர் ‘ஹேண்டோவர்’ என்று கை கழுவுவதுபோல் சொல்லிக்கொண்டார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் நகருக்காக வர்ஜீனியா மாநிலம் கொடுத்த அலெக்சாந்திரியாப் பகுதியை 1846இல் அந்த மாநிலத்துக்கே விட்டபோது, சட்டத்தின் தலைப்பிலேயே ‘ரெட்ரொசீட்’ என்ற வினை உட்கார்ந்திருக்கிறது. இங்கே மட்டும் ஏன் இல்லை?

என் தொழில் புத்திக்குத் தோன்றுவது இது. திரும்ப எழுதிக்கொடுக்க வேண்டுமானால் முதலில் எழுதிக்கொடுத்தவர் வேண்டும். கொடுத்தது தஞ்சாவூர். அந்த ராஜ்ஜியம் 1799இலேயே நிர்வாகத்தை ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டது. 1855இல் வாரிசில்லை என்று அரசும் போய்விட்டது. வாங்கிக்கொள்ளும் இந்தியா பத்திரத்தில் புதுக் கட்சிக்காரர். அதைவிட முக்கியம் மூன்றாம் பிரிவு: பிரெஞ்சு நிர்வாகம் செய்த, இந்தப் பகுதிகளைக் கட்டுப்படுத்தும் செயல்களின் உரிமைக்கும் கடமைக்கும் இந்திய அரசு வாரிசாகிறது. அங்கே வரும் வினை ‘சக்சீட்’. மறுபடியும் அதே நடை. முதல் பிரிவில் ஒருவர் விலகி நடக்கிறார், மூன்றாம் பிரிவில் இன்னொருவர் அடியொற்றி நடக்கிறார். நடுவில் இருந்த இருநூறு வருஷத்துப் பிறப்பும் கல்யாணமும் கிரயமும் செல்லும் என்பதற்கு அதுதான் பிடி. ‘திருப்பிக் கொடுத்தான்’ என்று ஒரேயடியாக எழுதியிருந்தால் மனசுக்குச் சுகமாக இருந்திருக்கும். ஆனால் அந்தப் பிடி இருந்திருக்காது. பத்திரம் எழுதாமலே கை மாறிய கோவாவைப் பாருங்கள்: 1961இல் படை போய்ப் பிடித்தது, போர்ச்சுகல் அதை ஒப்புக்கொள்ள 1974 ஆயிற்று. எங்களுக்கு அந்த இழுபறி இல்லை.

ஆனால் வேறு இழுபறி உண்டு. நான்காம் பிரிவிலிருந்து எட்டு வரைக்கும் குடியுரிமை. இங்கே பிறந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்று இங்கேயே குடியிருந்தவர் இந்தியக் குடிமகன். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். அன்று வெளிநாட்டில் இருந்தவர் நிலை தலைகீழ்: ஒன்றும் எழுதித் தராவிட்டாலும் பிரெஞ்சுக்காரர்தான். ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் திருநள்ளாற்றில் கடை வைத்திருந்தவர் ஒரு நாடு, சைகோனில் கடை வைத்திருந்தவர் இன்னொரு நாடு. அன்றைக்கு அவர் எங்கே குடியிருந்தார் என்று நிரூபிக்க ஒரு வாடகைச் சீட்டுக்காக இன்றைக்கும் பரண் பரணாகத் தேடுகிறார்கள். என் வருமானத்தில் பெரும்பகுதி அந்த ஒரு தேதியிலிருந்து வருகிறது என்றால் மிகையில்லை.

சைகோன் என்றாலே இரண்டாம் குடும்பமும் சில சமயம் உடன் வரும். அங்கே ஒரு திருமணப் பதிவு, இங்கே ஒரு திருமணப் பதிவு. ஓரக் குறிப்பு எதிலும் இல்லை. கணவன் கப்பலேறிப் போய் வேறு ஊரில் வேறு கல்யாணம் செய்துகொண்ட கதை எங்கள் ஊருக்குப் புதிதல்ல, காரைக்கால் அம்மையார் கதையே அதுதான். பரமதத்தன் கடல் வணிகத்துக்குப் போனவன் பாண்டி நாட்டுப் பட்டினத்தில் இன்னொருத்தியை மணந்து, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்று முதல் மனைவியின் பெயரையே வைத்தான். இதை எத்தா சிவிலில் பதிய வேண்டியிருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் சுவாமி வரும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். ஒரே வீட்டில் ஒரே பெயரில் இருவர், விவாகரத்துத் தீர்ப்பு இல்லை, முதல் மனைவி பேயுரு எடுத்துத் தலையால் நடந்து கயிலாயம் போய்விட்டார். எந்த அதிகாரியும் கோப்பை மேலே அனுப்பிவிடுவார்.

ஒப்பந்தத்தின் 28ஆம் பிரிவு, மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்காதவரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்கிறது. அதைப் படித்து நான் சந்தோஷப்பட்ட வயசும் உண்டு. இப்போது கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் ‘கொம்யூன்’ என்ற சொல்லைத் தவிர வேறு பிரெஞ்சு எதுவும் காதில் விழுவதில்லை.

அந்த ஜூனியர் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாள் கழித்து வேறொரு கட்சிக்காரரின் பத்திரத்தை அனுப்பிவிட்டுப் பேசினார். நிரவியில் ஒரு வீட்டுமனை.

“சார், இதுல ரெமெரேன்னு ஒண்ணு வருது. இதுவும் உங்க ரெட்ரொசீட் மாதிரி வம்புபிடிச்ச சொல்லா?”

“இல்ல தம்பி. விற்கும்போதே, நான் பணத்தைக் கட்டி மீட்டுக்குவேன்னு சொல்லி விக்கிறது. எமெரேன்னா லத்தீன்ல வாங்குறது. உங்க இங்கிலீஷ்ல ரிடீம்னு இருக்கே, அது இதே சொல்தான். தாராளமாப் போட்டுக்கங்க.”

“அப்ப எங்க ஆளு மீட்டுக்கலாமா?”

“பிரெஞ்சுச் சிவில் சட்டத்துல அதுக்குக் கெடு அஞ்சு வருஷம். அதுக்குமேல ஒரு நாளும் கிடையாது. விற்ற தேதி ரெண்டாம் பக்கத்துல எழுத்துல இருக்கும். எண்ணுல தேடாதீங்க.”

அவர் பக்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. “படிக்கத் தெரியலையே சார்” என்றார். படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.